மூலையில் குந்தியிருந்தால் போதுமா?

துப்பறியும் நாவல் என்றதும் முகஞ் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். பாடப் புத்தகத்தினுள் மறைத்து வைத்து அதனை வாசிக்கும் மாணவரும் உளர். கொலையும் களவும் மலிந்த கதையைப் படித்துப் பிள்ளை என்ன நன்மை அடையப் போகிறான் என்பது பெற்றோரின் கேள்வி. முடிவு தெரியாமற் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லையே என்பது பிள்ளையின் பதில். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் துப்பறியும் நாவல்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. அவற்றுள் ஒரு வகை, கருத்தூன்றி வாசிப்போர்க்கு, ஒரு நீதிநூல் செய்யும் பணியையும் செய்ய வல்லது. அவ்வகையைப் பற்றியே இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

பத்திரிகைக் காரியாலயம் ஒன்றிற் பணிபுரியும் ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன் நிகழ்ந்து, துப்புத் துலங்காமற் கிடப்பில் வீழ்ந்துபோன வழக்கொன்றைக் கையிலெடுக்கிறார். பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டுகிறார். அன்று சாட்சி கூறியோரைத் தேடிச் செல்கிறார். ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒத்துப் பார்க்கிறார். ஈற்றில் உண்மை வெளிப்படுகின்றது. இதுவே அவ்வகை நாவலின் பொதுவான அமைப்பு.

இங்கே துப்பறிபவர் பத்திரிகைக்காரராய் இருப்பதிற் பொருள் உண்டு. பொலிஸ் அதிகாரி கேட்டாற் பதில் சொல்லியே தீரவேண்டும். பத்திரிகைக்காரர் கேட்டாற் கதவைச் சாத்திவிடலாம். அவரிடம் விலங்கு இல்லை, பிடியாணை இல்லை, துப்பாக்கியும் இல்லை. பொறுமை, நினைவாற்றல், ஒப்புநோக்கும் திறன் ஆகிய மூன்றுமே அவருடைய ஆயுதங்கள். நல்ல மாணாக்கனுக்கு வேண்டியனவும் இம்மூன்றே அல்லவா? ஆதலினாற்றான் இளைஞர் உள்ளத்தை இவ்வகைக் கதைகள் எளிதிற் கவர்கின்றன போலும்.

இதன் தொடக்கம் மிகப் பழையது. 1841ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் நியூயோர்க் நகரிற் புகையிலைக் கடையொன்றிற் பணிபுரிந்த மேரி ரோஜர்ஸ் என்னும் இளம்பெண்ணின் சடலம் ஹட்சன் ஆற்றிற் கண்டெடுக்கப்பட்டது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முடிவைக் கூறிற்று. எட்கார் அலன் போ என்னும் எழுத்தாளர் அந்நிகழ்ச்சியைப் பாரிஸ் நகரில் நடந்ததாக மாற்றி, 1842 - 1843ஆம் ஆண்டுகளில் ஒரு கதையாக வெளியிட்டார். அக்கதையில் வரும் துப்பறிவாளர் குற்றம் நடந்த இடத்தை ஆராயவில்லை. பத்திரிகைச் செய்திகளைக் கொண்டே வழக்கை ஆராய்கிறார். ஒரு பத்திரிகை எங்கே ஊகித்தது, எங்கே மிகைப்படுத்தியது என்று சலித்துச் சலித்துப் பார்க்கிறார். கதை புகழ் பெற்றது. உண்மையான மேரி ரோஜர்ஸின் வழக்கோ இன்றுவரை துலங்கவில்லை.

பின்னர், 1907ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்துப் பத்திரிகையாளரான கஸ்தோன் லெரூ, 'மஞ்சள் அறையின் மர்மம்' என்னும் நாவலை எழுதினார். அதிலே துப்பறிபவன் பதினெட்டு வயதுப் பத்திரிகை நிருபன். உள்ளிருந்து தாழிட்ட அறையில் நடந்த தாக்குதலின் மர்மத்தை, முதிர்ந்த பொலிஸ் நிபுணருக்குப் போட்டியாக நின்று அவன் விடுவிக்கிறான். பத்திரிகைத் தொழிலில் ஊறியவரே அதனை எழுதியமையால், செய்தி தேடி அலையும் நிருபனின் துடிப்பு அந்நாவலிற் பக்கந்தோறும் தெரிகின்றது.

ஆனால் நாம் இன்று விரிவாகக் கூற விரும்புவது இவ்விரண்டையும் அன்று. ஹங்கேரி தேசத்திற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்து 1947ஆம் ஆண்டில் மறைந்த ஓர்சி சீமாட்டியின் பெயரை ஆங்கிலம் பயின்ற வாசகர் பலர் அறிவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கதையொன்றினால் உலகப் புகழ் பெற்றவர் அவர். அவரே 1901ஆம் ஆண்டு முதல் 'றோயல் மகஸீன்' என்னும் சஞ்சிகையிற் சில துப்பறியும் கதைகளை எழுதினார். அவற்றுள் ஒரு தொகுதி, 'மூலையில் இருக்கும் கிழவர்' என்ற பொருள்படும் பெயருடன் 1909ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

அதன் அமைப்பு புதுமையானது. இலண்டன் மாநகரிலே ஒரு தேநீர்ச்சாலை. அங்கே ஒரு மூலை மேசை. அதனருகே மெலிந்து வெளிறிய கிழவர் ஒருவர் அமர்ந்து, பால் அருந்திக் கொண்டும் பணியாரம் தின்று கொண்டும் இருப்பார். கையிலே எப்பொழுதும் ஒரு கயிற்றுத் துண்டு. பேசப் பேச அதிலே முடிச்சுகள் போடுவார், பின் அவிழ்ப்பார். அவர் எதிரே வந்து அமர்பவள் போலி பேட்டன் என்னும் பத்திரிகை நிருபி. பொலிஸார் கைவிட்ட வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து அக்கிழவர் அவளுக்கு விளக்குவார். நீதிமன்றத்தில் நடந்தவை, சாட்சிகள் கூறியவை, பத்திரிகைகள் எழுதியவை எல்லாம் அவருக்கு மனப்பாடம். மூளையைச் சரிவரப் பயன்படுத்துவோர்க்கு மர்மம் என்ற ஒன்றே இல்லை என்பது அவருடைய கொள்கை.

உதாரணமாக முதற் கதையையே எடுத்துக் கொள்வோம். வறியவனான கேர்ஷோ என்பவன், செல்வந்தனான பழைய நண்பன் ஒருவனின் இரகசியத்தை அறிந்து வைத்துக்கொண்டு அவனிடமிருந்து பணம் பறித்து வந்தான். சைபீரியாவிலிருந்து திரும்பும் அச்செல்வந்தனைச் சந்திக்கச் சென்ற கேர்ஷோ, பின்னர் வீடு திரும்பவில்லை. சில காலம் கழித்து ஆற்றுப் படகொன்றில் உருத் தெரியாமற் சிதைந்த சடலம் ஒன்று கிடைத்தது. உடையையும் உடைமைகளையும் கொண்டு அது கேர்ஷோ என அடையாளம் கண்டனர். செல்வந்தன்மீது கொலை வழக்குத் தொடரப்பட்டது. ஆனால் கொலை நடந்ததாகக் கூறப்பட்ட நாளுக்குப் பின்னரும் கேர்ஷோ உயிரோடிருந்தான் என்பதற்குச் சான்று கிடைக்கவே, எதிரி விடுதலையானான். வழக்கு அத்துடன் கிடப்பில் வீழ்ந்தது.

கிழவர் சிரிக்கிறார். கேர்ஷோ சாகவே இல்லை, செத்தவன் செல்வந்தன், தன் உடையைச் சடலத்துக்கு அணிவித்துவிட்டு, அவனுடைய பெயரையும் செல்வத்தையும் எடுத்துக்கொண்டு, எதிரிக் கூண்டிலே நின்று விடுதலையாகிச் சென்றவனே கேர்ஷோ என்கிறார். எல்லாரும் 'கொன்றவன் யார்?' என்று கேட்டுக் கொண்டிருந்தார்கள், 'செத்தவன் யார்?' என்று ஒருவரும் கேட்கவில்லை. வினா பிழைத்தால் விடையும் பிழைக்கும் என்பதை மாணவருக்கு இதனினும் நன்றாக உணர்த்துவது அரிது. பரீட்சை மண்டபத்திலே வினாவை முழுவதும் வாசியாமல் விடை எழுதத் தொடங்குவோர் இக்கதையை ஒருமுறை படித்தல் நலம்.

எனினும் இந்நூலை வாசித்து முடிக்குங்கால் உள்ளத்தில் ஒரு நெருடல் எஞ்சுகின்றது. இத்துணையும் அறிந்த கிழவர் ஏன் பொலிஸாரிடம் செல்லவில்லை? ஏன் நீதவான் முன் ஒரு வார்த்தை கூறவில்லை? அவருக்கு அதில் அக்கறை இல்லை. குற்றவாளியின் சாமர்த்தியத்தை இரசிப்பதிலேயே அவருக்கு இன்பம். கொலையுண்டவனின் மனைவி மக்களைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. உண்மை அந்தத் தேநீர் மேசையிற் பிறந்து அந்த மேசையிலேயே மடிகின்றது. எதிரே இருக்கும் நிருபியும் பெரும்பாலும் வியந்து கேட்பதோடு அமைகிறாள்.

ஈற்றுக் கதையிலே நூலாசிரியர் ஒரு பெரும் அதிர்ச்சியை வைத்திருக்கிறார். வயது முதிர்ந்த பெண்ணொருத்தியின் மர்ம மரணத்தைப் பற்றிக் கிழவர் கூறிக்கொண்டிருக்கிறார். அதிலே முடிச்சிட்ட கயிறு ஒன்று வருகின்றது. நிருபியின் பார்வை கிழவரின் விரல்கள்மீது விழுகின்றது. அவை அப்பொழுதும் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கின்றன! அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகின்றது. அதனைச் சாடையாக அவள் சொல்லி நிமிர்வதற்குள் கிழவர் மறைந்துவிடுகிறார்.

இது வெறும் வேடிக்கையான முடிவு என்று நாம் கருதவில்லை. அநியாயத்தை அறிந்தும் மூலையில் அமர்ந்து அதனை இரசித்துக் கொண்டிருப்பவன், நாளடைவில் அந்த அநியாயத்துக்கே உடந்தையாகிறான் என்பதை நூலாசிரியர் சொல்லாமற் சொல்லியிருக்கிறார் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இலண்டன் தேநீர்ச்சாலையின் கதை நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அந்தத் தேநீருக்குரிய கொழுந்து எங்கே கிள்ளப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் அக்கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அதுவன்றியும், இக்கதையின் பெயர் நம் மலைநாட்டுத் தமிழிலக்கிய வரலாற்றிலும் பதிந்திருக்கின்றது. அது வந்த வழியைச் சிறிது காண்போம்.

இலங்கைத் தமிழ் நாவலும் பத்திரிகையும் ஒரே கையிற் பேனா பிடித்து வளர்ந்தவை. இதற்கு முதற் சான்று நம் கண்டி மாநகரே. கண்டியில் 1838ஆம் ஆண்டிற் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை, 1882ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். மூன்றாண்டுகள் கழித்து, 1885இல், 'அசன்பேயுடைய சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது என்பதை நினைந்தால், கண்டி எவ்வளவு விரைவில் விழித்துக்கொண்டது என்பது புலனாகும். அந்நாவலும் ஒரு வகையில் மர்மக் கதையே. எகிப்து தேசத்திற் குழந்தைப் பருவத்திற் கடத்தப்பட்ட ஒருவன், தன் பிறப்பு இன்னதென்று அறியாது பம்பாயில் வளர்ந்து, பல இன்னல்களைக் கடந்து, ஈற்றில் தன் பெற்றோரைக் கண்டடைகிறான். மறைக்கப்பட்ட உண்மை, காலங் கடந்து வெளிப்படுதல் என்னும் இரண்டு இழைகளும் அதிலே உள்ளன. இன்று அப்பெரியாரின் பெயர் தாங்கிய வித்தியாலயம் கண்டியில் உண்டு. அதனைக் கடந்து செல்வோருள் எத்தனை பேர் அவருடைய நாவலைக் கண்டிருப்பர்?

அடுத்த சான்று கோ. நடேசய்யர். தஞ்சாவூரிற் பிறந்து, அங்கே ஆசிரியப் பணியும் பத்திரிகைப் பணியும் புரிந்து, 1920ஆம் ஆண்டையொட்டி இலங்கையிற் குடியேறியவர் அவர். 1924ஆம் ஆண்டில் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே 1924ஆம் ஆண்டுக்குரியதாக அவருடைய நாவல் ஒன்றும் குறிக்கப்படுகின்றது. அதன் பெயர் 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்'. மலையகத்தின் முதல் நாவலாக ஆய்வாளர் சிலர் அதனை எண்ணுவர். பெயரைக் கேட்ட மாத்திரத்தே ஓர்சி சீமாட்டியின் கிழவர் நம் கண்முன் வந்து நிற்கிறார் அல்லவா? 'அமர்ந்த' என்றோ 'வீற்றிருந்த' என்றோ கூறாமல், 'குந்திய' என்று வீட்டுத் திண்ணைச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாரே, அதிலும் ஓர் அழகு உண்டு. குந்துபவன் எழுந்து நடக்க மாட்டான் என்ற குறிப்பும் அதிலேயே அடங்கியிருக்கின்றது.

ஆனால் அந்தப் பெயரைத் தமிழுக்குத் தந்த நடேசய்யர் மூலையிற் குந்தியிருந்தவர் அல்லர். இதுவே நாம் வாசகர் முன் வைக்க விரும்பும் செய்தி.

அக்காலத்திற் தோட்டங்களுக்குள் அந்நியர் எவரும் இலகுவிற் காலடி வைக்க முடியாது. அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றம் செல்ல நேரும். தொழிலாளர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை நேரிற் காண விரும்பிய நடேசய்யர், புடவை வியாபாரி போல வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் சென்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். துப்பறியும் நாவல்களில் வேடம் பூணும் கட்டம் வந்தால் நாம் ஆவலோடு வாசிக்கிறோம். இங்கே ஒரு பத்திரிகைக்காரர் புடவை மூட்டையைத் தோளிற் சுமந்துகொண்டு, லயத்து வாசல்களிலே நின்று, மக்களின் குறைகளைக் காதாரக் கேட்டார். கற்பனைக் கதையினும் இது சுவை குறைந்ததா?

அவர் தேடிய குற்றத்துக்கு ஒரு கத்தியோ ஒரு துப்பாக்கியோ தடயமாக இருக்கவில்லை. கடன் கணக்கே தடயம். துப்பறியும் கதைகளிற் கிழிந்த கடதாசித் துண்டொன்று மர்மத்தை விடுவிக்கும். தோட்டங்களிலோ 'துண்டு' என்ற கடதாசி மனிதரைக் கட்டிப் போட்டது. இத்தொழிலாளி பட்டிருக்கும் கடன் இவ்வளவு. அதனைச் செலுத்தினால் இவனை விடுவிப்போம் என்று எழுதிக் கொடுக்கப்படும் சீட்டே அது. ஒரு தோட்டத்திலிருந்து வேறொரு தோட்டத்துக்குத் தொழிலாளி செல்கையில் அவனுடைய கடனும் அவனைத் தொடர்ந்து சென்றது. 1921ஆம் ஆண்டில் இத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டிற் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் ஏறியதும் வாழ்க்கை மாறிவிடுவதில்லை என்பதை உணர்ந்தவர் நடேசய்யர். ஆதலின் தொழிலாளர்க்குரிய சட்டங்களை அவர்கள் மொழியிலேயே எழுதி விளக்கினார். தொழிற்சங்கம் அமைத்தார். சட்ட நிரூபண சபையிலும், 1936ஆம் ஆண்டு முதல் அற்றன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் குரல் எழுப்பினார்.

அவருடைய வாழ்க்கைத் துணைவியார் மீனாட்சி அம்மையாரை இங்கே குறிப்பிடாமற் செல்லுதல் முறையன்று. ஓர்சி சீமாட்டியின் நிருபி தேநீர் மேசையருகே அமர்ந்து கேட்டாள். மீனாட்சி அம்மையாரோ பத்திரிகைப் பணியிலே பங்கு கொண்டதோடு, தொழிலாளர் கூட்டங்களுக்குச் சென்று, தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவருடைய பாடல் நூல் 1940ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுத்தறியாத மக்களிடம் செய்தியைக் கொண்டு செல்ல அச்செழுத்து மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். வீட்டிலிருந்து இதனை வாசிக்கும் தாய்மார் அப்பெயரை நினைவில் வைத்தல் வேண்டும்.

அதே 1940ஆம் ஆண்டு நம் கண்டிப் பகுதியில் ஒரு துயர நிகழ்ச்சிக்கும் உரியது. கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக மலையேறிச் சென்றால் வருவது ஹேவாஹெட்டப் பிரதேசம். அங்கே முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார்.

தமிழிலே துப்பறியும் நாவல் வளர்ந்த தொடக்க காலத்தில், ஜே. ஆர். ரங்கராஜு என்பார் படைத்த துப்பறிவாளரின் பெயரும் கோவிந்தன். துப்பறியும் கோவிந்தன் என்றால் அக்காலத்து வாசகர் அனைவரும் அறிவர். அந்தக் கோவிந்தன் எத்தனையோ குற்றங்களைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றான். முல்லோயாவின் கோவிந்தனோ எந்தப் பத்திரிகையிலும் பெயர் வராத எளிய மனிதர்; உயிர் போன பின்னரே நாடு அவர் பெயரை அறிந்தது.

இந்த நிகழ்ச்சியிற் சுட்டது பொலிஸார் என்பதில் மர்மம் எதுவும் இருக்கவில்லை. சுடத்தான் வேண்டியிருந்ததா என்பதே வினா. சரியான வினா கேட்கப்பட்டால் அதன் வலிமை எத்தகையது என்பதை அடுத்து நடந்தவை காட்டின. விசாரணைக் கமிஷன் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, கமிஷனும் நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் விதவை மனைவியின் சார்பில் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜராகி, பொலிஸ் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். ஒரு தோட்டத் தொழிலாளியின் மனைவிக்காக, சீருடை அணிந்த அதிகாரிகள் கேள்விகளுக்குப் பதில் கூறவேண்டி வந்தது அக்காலத்திற் சிறிய செய்தியன்று.

அது அவ்வளவில் நிற்கவும் இல்லை. கமிஷன் விசாரணை நடைபெறுங் காலத்தில், வேலைநிறுத்தம் சம்பந்தமான வழக்குகளை ஒத்திவைத்தல் பற்றி உள்நாட்டு அமைச்சர் சேர் டி. பி. ஜயதிலக்காவுக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் இடையே பிணக்கு மூண்டது. தேசாதிபதி அண்ட்ரூ கால்டெகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். 1940ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அமைச்சர்கள் பதவி துறந்தனர். பொலிஸார்மீது மக்கள் பிரதிநிதிக்கு அதிகாரம் உண்டா, இல்லையா என்ற அரசியல் வினாவாக அது வளர்ந்துவிட்டது. ஹேவாஹெட்ட மலையிற் பாய்ந்த ஒரு குண்டு, கொழும்பிலே ஆட்சிப் பீடத்தை அசைத்தது என்றால் மிகையாகாது.

அமைச்சர்கள் பின்னர் பதவிக்குத் திரும்பினர். காலம் கடந்தது. அரசியல் நெருக்கடியை வரலாற்று நூல்கள் நினைவிற் கொண்டன. கோவிந்தன் அந்நூல்களில் ஒரு வரியாகச் சுருங்கினார். மலையக மக்கள் மாத்திரம் அவரை மறக்கவில்லை. ஜனவரி 10ஆம் திகதியில் அவரை நினைவுகூரும் வழக்கம் அவர்களிடையே உண்டு.

வழக்கு ஒன்று ஆறிப்போவது எதனால்? தடயம் அழிவதனால் என்று கதைகள் கூறும். வாழ்க்கையிலோ, பெரும்பாலும், தடயம் இருந்துகொண்டே இருக்கின்றது. அதனை எடுத்துப் பார்ப்பார் இல்லாமையினாலேயே வழக்கு ஆறிப்போகின்றது. நடேசய்யரின் கதையே இதற்குச் சான்று. 1947ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின், அவருடைய பெயரே மங்கிப்போகும் நிலை வந்தது. சாரல்நாடன் என்னும் மலையக எழுத்தாளர் பழைய ஏடுகளையும் பத்திரிகைகளையும் தேடித் திரட்டி, 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்னும் நூலை 1988ஆம் ஆண்டில் வெளியிட்டார். சாரல்நாடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், தோட்டத்துறையிலே பணிபுரிந்தவர். ஓய்வு நேரத்தில் ஆவணங்களைத் தேடி, நாற்பது ஆண்டுகள் கிடப்பிற் கிடந்த ஒரு வரலாற்றை அவர் மீட்டார். துப்பறியும் திறம் என்றால் இதுவும் அதுவே. இங்கே கண்டுபிடிக்கப்பட்டது குற்றவாளி அல்லன்; மறக்கப்பட்ட ஒரு மனிதர். அவ்வளவே வேறுபாடு.

இனி மாணவருக்குச் சில வார்த்தைகள். உங்கள் பாட்டனார் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் வந்து சேர்ந்தார் என்று கேட்டிருக்கிறீர்களா? வீட்டுத் தகரப் பெட்டியின் அடியிற் கிடக்கும் மஞ்சளேறிய கடதாசியை விரித்துப் பார்த்திருக்கிறீர்களா? பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களமும் பழைய பத்திரிகைகளைப் பேணி வருகின்றன. 'நூலகம்' என்னும் இணையவழி ஆவணகத்தில் ஈழத்துத் தமிழ் ஏடுகள் பலவற்றை வீட்டிலிருந்தவாறே வாசிக்கலாம். கதையிலே நிருபன் தேடி அலைந்த பழைய பத்திரிகைக் கட்டு, இன்று உங்கள் விரல் நுனிக்கு வந்திருக்கின்றது.

தேடுகையில் மூன்று செய்திகளை மனங்கொள்ளுங்கள். முதலாவது, அச்சில் வந்தது யாவும் உண்மை அன்று. மேரி ரோஜர்ஸைப் பற்றிப் பத்திரிகைகள் ஒன்றுக்கொன்று முரணாக எழுதின என்பதை மறவாதீர்கள். ஒரு செய்தியைக் குறைந்தது இரண்டு இடங்களில் ஒத்துப் பாருங்கள். இரண்டாவது, யார் பேசவில்லை என்று கவனியுங்கள். முல்லோயாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அமைச்சரும் தேசாதிபதியும் பேசும் அளவுக்குக் கோவிந்தனின் மனைவி பேசுகிறாரா? பேசாதவரின் பக்கத்தைத் தேடுவதே உயர்ந்த துப்பறிதல். மூன்றாவது, உயிரோடிருப்போரின் மானத்தைக் காத்தல் வேண்டும். பழைய துயரத்தைக் கிளறுவது வேறு. பழைய உண்மையைப் பேணுவது வேறு. அண்டை வீட்டாரின் இரகசியத்தை அறிந்து வம்பு பேசுவது துப்பறிதல் ஆகாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கையிலே துப்பறியும் நாவலைக் கண்டால் உடனே பறித்துவிடாதீர்கள். அவன் வாசித்து முடித்த பின், 'குற்றவாளி யார்?' என்று கேளாமல், 'உண்மை தெரிந்த பின் அவர்கள் என்ன செய்தார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு விடை கூற முடியாத நாவலாயின், அது பொழுதுபோக்குக்கு மாத்திரமே உதவும். விடை கூறுமாயின், நீங்களும் அதனை வாங்கி வாசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு குடும்பம் கூடியிருந்து விவாதிப்பதற்கு அதனிலும் நல்ல பொருள் வேறில்லை.

அறிந்தவர் பேசாதிருக்கும் வீட்டிலும் ஊரிலும் நாட்டிலும் வழக்குகள் ஆறிக்கொண்டே போகும். உண்மையை அறிவது பாதி வேலை. அதனைச் சொல்ல வேண்டிய இடத்திற் சொல்வதே மற்றைப் பாதி. ஓர்சி சீமாட்டியின் கிழவர் முதற் பாதியோடு நின்றார். நடேசய்யர் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். இருவரும் கூரிய அறிவினரே. நம் பிள்ளைகள் எவரைப் போல வளரவேண்டும் என்பதை நாம்தாம் முடிவு செய்தல் வேண்டும்.